பழகுநர் இல்லத்தில் பழகியது எது?

இங்கிலாந்தின் செஷயரில், பொலின் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டயல் சிற்றூரைத் தொழிற்புரட்சியின் அழகிய எச்சம் என்று போற்றுவோர், அங்குள்ள ஒரு கட்டடத்தின் பெயர் முன்னால் சற்றே நிற்பது நல்லது. சாமுவேல் கிரெக் 1784இல் குவாரி பேங்க் பஞ்சாலையை நிறுவினார். 1790இல் எழுந்தது 'பழகுநர் இல்லம்'. பழகுநர் என்பவர் ஒருநாள் தாமே ஆசானாகக்கூடியவர். இங்குத் தங்கியோரோ ஏழையர் விடுதிகளிலிருந்தும் வறிய குடும்பங்களிலிருந்தும் ஒப்பந்தத்தின்பேரில் வந்த சிறுவர் சிறுமியர். அறுந்த நூலை முடிவதும், ஓடும் எந்திரத்தடியில் கழிவுப்பஞ்சைக் கூட்டுவதும் எந்தக் கைத்தொழிலின் பாலபாடம்? உணவும் உறையுளுமே பெரும்பாலும் கூலி. ஆலையில் விரலொன்றை இழந்த தாமஸ் பிரீஸ்ட்லி என்னும் 13 வயதுச் சிறுவன், 1806இல் தாயைக் காண லண்டனுக்குத் தப்பிச் சென்றான். நீதிபதிகள்முன் அவன் அளித்த வாக்குமூலம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அது அக்காலச் சட்டச்சொல்தானே என்பர். ஆம், குற்றச்சாட்டே அதுதான். டொமினிக்காவில் கிரெக்கின் தோட்டத்தில் உழைத்த அடிமைகளை அக்காலச் சட்டம் 'உடைமை' என்றது. அச்சொல்லை இன்று எந்த ஆய்வாளரும் மேற்கோள்குறியின்றி எழுதத் துணியார். ஸ்டயல் குழந்தைகளுக்கு இட்ட சொல் மட்டும் ஆய்வேடுகளில் கூச்சமின்றி உலவுகிறது.