எட்டு ரிங்கிட் கனச்சதுரமும் ஒரு திருப்புளியும்



சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனுக்கு நான் அநீதி இழைத்தேன். அதை ஒப்புக்கொண்ட பிறகே என் கருத்தைச் சொல்வது முறை.

ஐந்தாம் ஆண்டில் பயின்ற அவன், இரவுச் சந்தையில் 8 ரிங்கிட்டுக்கு வாங்கிய ரூபிக் கனச்சதுரத்தை நாள்தோறும் பள்ளிக்குக் கொண்டு வருவான். ஓய்வு நேரம் முழுவதும் அதிலேயே கழியும். ஏறத்தாழ எல்லா நிறங்களையும் சேர்த்துவிடுவான். இறுதியில் ஒரே ஒரு மூலைத்துண்டு மட்டும் திரும்பி நிற்கும். மூன்று வாரங்கள் இதே நிலை. "உனக்குக் கவனம் போதவில்லை" என்று வகுப்பின் முன் கடிந்துகொண்டேன். அதன்பின் அவன் அதைத் தொடவேயில்லை.

ஒரு மூலை மட்டும் திரும்பி நிற்பது, முறையாகச் சுழற்றப்பட்ட கனச்சதுரத்தில் ஒருபோதும் நிகழாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். யாரோ அதைக் கழற்றித் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். துண்டுகளைக் கண்டபடி பொருத்தினால், 12இல் 1 வாய்ப்பில்தான் அது தீர்க்கக்கூடியதாக அமையும். பழுது பொருளில் இருக்க, பழியைப் பிள்ளையின்மீது சுமத்தியிருக்கிறேன். அதே வகுப்பின் முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கழற்றாதே, கெட்டுவிடும்" என்று நாம் பிள்ளைகளைத் தடுக்கிறோம். கழற்றிப் பார்ப்பதற்காகவே மலிவான கனச்சதுரம் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 1974இல் புடாபெஸ்ட் நகரில் இதை உருவாக்கிய எர்னோ ரூபிக்கும் ஓர் ஆசிரியரே. மரத்துண்டுகளைக் கையால் இழைத்துத்தான் முதல் படிவத்தைச் செய்தார். கடையில் விலையுயர்ந்ததைத் தேடும் பெற்றோரே, சற்றுப் பொறுங்கள். ஒவ்வொரு முகத்தின் நடுத்துண்டிலும் உள்ள மூடி கழலுமா, அதன் கீழே திருகாணியும் சுருள்வில்லும் உள்ளனவா என்று மட்டும் பாருங்கள். மூடி திறவாத வகையைச் சரிசெய்ய வழியில்லை. காந்தம் பதித்த வகை சுழற்ற இதமானதே. ஆயினும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேண்டாம். உடைந்த துண்டிலிருந்து விழும் சிறு காந்தங்களை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மேலடுக்கை அரைவாசி திருப்பி, ஓரத்துண்டு ஒன்றை மெல்ல நெம்பினால் அது கழன்று வரும். பிறகு மற்றவை எளிது. உள்ளே காணும் காட்சி பாடநூலில் இல்லாதது: 6 நடுத்துண்டுகள், 12 ஓரத்துண்டுகள், 8 மூலைத்துண்டுகள். நடுத்துண்டுகள் இடம் மாறுவதே இல்லை என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்கிறது. திருகாணிகள் ஆறையும் ஒரே அளவாகத் தளர்த்த வேண்டும். மிக இறுக்கமாயின் விரல் வலிக்கும். மிகத் தளர்ந்தால் துண்டுகள் தெறிக்கும். இரண்டு சொட்டுச் சிலிக்கான் எண்ணெய் போதும். (நான் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். தூசியும் பிசுக்கும் சேர்ந்ததுதான் மிச்சம்.) மீண்டும் பூட்டும்போது, சேர்ந்த நிலையிலேயே பூட்ட வேண்டும். என் மாணவனுக்கு நேர்ந்தது வேறு பிள்ளைக்கு நேரக்கூடாது.

மனப்பாடப் படிகளைக் கொண்டு சேர்ப்பதில் கணிதம் எங்கே இருக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெறுமனே படிகளை ஒப்புவிப்பது, பொருள் புரியாமல் வாய்பாடு சொல்வதைப் போன்றதே. அதனால்தான் இவ்வாண்டு நாங்கள் வேறொன்று செய்தோம். வல்லினம் ஆறு, முகங்களும் ஆறு. க, ச, ட, த, ப, ற என முகத்திற்கு ஓர் எழுத்தாக 54 சிறு ஒட்டுத்தாள்களை மாணவர்களே வெட்டி, நேராக நிமிர்த்தி ஒட்டினார்கள்.

முதல் வாரமே சிக்கல் எழுந்தது. "ஐயா, எல்லாம் சேர்ந்துவிட்டது. ஆனால் நடுவில் உள்ள ட மட்டும் தலைகீழாக நிற்கிறது!" வெறும் நிறமாக இருந்தவரை, நடுத்துண்டு தன் இடத்திலேயே சுழல்வது கண்ணுக்குப் புலப்படவில்லை, எழுத்து அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வழக்கமான படிகள் இங்கே போதா. ஒட்டுத்தாளைப் பிய்த்து நேராக ஒட்டிவிடலாமா என்று ஒருத்தி கேட்டாள், வகுப்பே எதிர்த்தது.

சென்ற ஆண்டு நான் கடிந்துகொண்ட அதே மாணவன், இப்போது ஆறாம் ஆண்டு, குறிப்பேட்டுடன் வந்தான். எழுத்து தலைகீழாக நிற்பது ஒன்று மட்டும் வரலாம். ஆனால் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் எழுத்து ஒருபோதும் தனியாக வருவதில்லை, இரண்டு, நான்கு, ஆறு என்றுதான் வருகிறது என்று எழுதி வைத்திருந்தான். அவன் கண்டது சரியே. ஏன் என்று கேட்டான். காரணத்தை நான் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை வீட்டில் வந்து கேட்டால், நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.