வேதியியல் பயில விழைவார்க்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்தொட்டுப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடியும் நாள்வரை, தமிழ்நாட்டுப் பெற்றோர் படும் பாடு சொல்லுந்தரத்ததன்று. எந்தப் பிரிவில் சேர்ப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த மொழியில் படிக்க வைப்பது என்னும் மூன்று வினாக்களும் ஒருசேர வந்து நெருக்குகின்றன. மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாயில்களை மட்டுமே கண்டு பழகியோர்க்கு, வேதியியல் போலும் அடிப்படை அறிவியல் துறைகள், பிறவிடம் கிட்டாதார் ஒதுங்கும் தாழ்வாரமாகவே தோன்றுகின்றன. ஆயினும், அத்துறையை விரும்பித் தேரும் மாணவர் ஊர்தோறும் உளர். அவர்க்கு உரிய வழியை எடுத்துச் சொல்வார்தாம் அரியர்.

தமிழ்நாட்டில் மேனிலைக் கல்வி 1978-இல் தொடங்கப்பெற்றது. அதற்குமுன் கல்லூரிப் புகுமுக வகுப்பில் ஓராண்டில் நிகழ்ந்த அணியம், பள்ளியிலேயே ஈராண்டாக விரிந்தது. எனவே, கல்லூரியில் எழுப்பப்படும் கட்டடத்திற்குக் கடைக்கால் மேனிலைப் பள்ளியிலேயே இடப்பெறுகின்றது. ஆண்டு மூன்றும் வேதியியல் பயிலப் போகும் மாணவன், இந்த ஈராண்டில் எவற்றைக் கற்கின்றானோ அவையே அவனைத் தாங்கும். எவற்றைக் கல்லாமல் விடுகின்றானோ அவையே அவனை வீழ்த்தும்.

வேதியியல் மாணவனுக்கு ஏற்ற பிரிவுகள் மூன்று. இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் ஆகிய நான்கும் அமைந்தது ஒன்று. உயிரியலுக்கு மாறாகக் கணினி அறிவியல் அமைந்தது மற்றொன்று. கணக்கு நீங்கலாக இயற்பியல், வேதியியல், நிலைத்திணையியல், விலங்கியல் அமைந்தது பிறிதொன்று. இவற்றுள் எதனைக் கொள்வது? கணக்கு உள்ள பிரிவையே கொள்ளல் வேண்டும். அதனினும் உயிரியலும் உடனமைந்தது தலைசிறந்தது.

"வேதியியலுக்குக் கணக்கு எதற்கு?" என்று வினவுவார் பலர். கணக்கிற்கு அஞ்சியே வேதியியலைத் தேர்வாரும் உளர். அவ்வச்சம் கல்லூரியின் முதலாண்டிலேயே அவரைத் துரத்திப் பிடிக்கும். ஒரு வினை எத்துணை விரைவில் நிகழ்கின்றது என்பதை அளக்க நுண்கணக்கு வேண்டும். வெப்பம் எவ்வாறு வேலையாகின்றது என்பதை அறியவும் அதுவே வேண்டும். ஒரு நீர்மத்தின் காடித்தன்மையைக் குறிக்கும் அளவெண் மூன்றிலிருந்து நான்காக ஏறினால், காடித்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது. மடக்கை அறியாத மாணவன் இதனை ஒரு படி இறக்கம் என்றே கருதி ஏமாறுவான். அணுவினுள் மின்மங்கள் அமைந்துள்ள பாங்கும் கணக்கின் மொழியிலேயே எழுதப்பெற்றுள்ளது. கல்லூரிகள் பலவற்றில் வேதியியலுக்குக் கணக்கும் இயற்பியலும் துணைப்பாடங்களாக அமைவது இக்கரணியம் பற்றியே.

இயற்பியலும் அத்தகையதே. மின்னும் ஒளியும் வெப்பமும் அறியாதார்க்கு மின்வேதியியலும் நிறமாலையியலும் இருட்டறையே. உயிரியலோ உடலின்கண் நிகழும் வேதிவினைகளையும் மருந்துகளையும் நோக்கிக் கதவு திறக்கும். கணக்கில்லாப் பிரிவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர் உளம் தளர வேண்டா. மேனிலைக் கணக்குநூல்களின் நுண்கணக்குப் பகுதிகளை விடுமுறை நாள்களில் தாமே கற்றுக்கொள்ளல் இயலும்.

பிரிவைத் தேர்வதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. அது பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை முற்றக் கற்றல். அணுவமைப்பு, தனிமங்களின் வகைப்பாடு, வேதிப் பிணைப்பு, வேதிக் கணக்கீடு, கரிம வேதியியலின் அடிப்படை ஆகியன யாவும் அவ்வகுப்பிலேயே உள்ளன. மதிப்பெண் வேட்டையாடும் தனியார் பள்ளிகள் பல, அப்பாடங்களை நடத்தாது விடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்தன. அதனைத் தடுத்தற்கே 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பெற்றது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அத்தேர்வு நீக்கப்பெற்றது. மாணவர் சுமை குறைவது நன்றே. ஆயின், பழைய தீங்கு மீண்டும் தலைதூக்காவண்ணம் காத்தல் பெற்றோர் கடன். பள்ளியில் சேர்க்குமுன், "பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுமையும் நடத்தப்பெறுமா? மாணவன் தன் கையாலேயே செய்முறை செய்வானா?" என்னும் இரண்டையும் கேட்டறிதல் வேண்டும்.

இனி, மொழி. பத்தாம் வகுப்புவரை தமிழில் பயின்று தெளிந்த பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றும் வழக்கம் பெருகியுள்ளது. பிணைப்பும் சமநிலையும் இன்னவென்று உணர வேண்டிய பருவத்தில், அம்மாணவன் சொற்பொருள் தேடிக் களைக்கின்றான். பொருள் விளங்காவிடத்து மனப்பாடத்தில் தஞ்சம் புகுகின்றான். அவ்வாறு மாற்றுவார் பொருளியல் இழப்பையும் எண்ணுவதில்லை. தமிழ்வழிப் பயின்றார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் இயற்றப்பெற்றது. பள்ளிக் கல்விதொட்டு அப்பணிக்குரிய கல்வித்தகுதிவரை தமிழ்வழியிலேயே பயின்றிருத்தல் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. இடையில் வழி மாறினால் அவ்வுரிமை கைநழுவும். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்றுக்கொள்க; உலக ஆய்வேடுகளைப் படிக்க அது உதவும். ஆயின், மொழியைக் கற்பது வேறு; மொழிக்கு அறிவை அடகு வைப்பது வேறு.

"தமிழில் வேதியியலா?" என்று நகைப்பார்க்கு வரலாறே விடை கூறும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர்தம் முயற்சியில் 'கெமிசுதம்' என்னும் வேதியியல் நூல் 1875-இலேயே தமிழில் அச்சேறியது. பெயர் அயலொலியாயினும் உள்ளீடு தமிழாயிற்று. சப்பானிலும் நிலை அதுவே. உதகாவா யோவான் என்னும் அறிஞர் 1837-இல் வெளியிடத் தொடங்கிய முதல் வேதியியல் நூலின் பெயரும் அயலொலியே. ஆயின், உள்ளே அவர் தம் மொழியிலேயே கலைச்சொற்களைப் படைத்தார். நீரகத்திற்கு 'நீர்த் தனிமம்' என்னும் பொருள்பட அவரிட்ட பெயரே இன்றும் அந்நாட்டுப் பள்ளிகளில் வழங்குகின்றது. செருமானியரும் 'நீர்ப்பொருள்' என்னும் பொருளில் தம் சொல்லாலேயே அதனை அழைக்கின்றனர். உருசியரும் அவ்வாறே. அவருள் எவரும் வேதியியலில் பின்தங்கியவர் அல்லர்.

அயற்சொல்லே துல்லியமானது என்பதும் மயக்கமே. உயிர்வளிக்குப் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே இட்ட பெயருக்குக் 'காடி பிறப்பிப்பது' என்பது பொருள். காடிகள் யாவற்றிலும் அவ்வளி உண்டென அவர் கருதினார். உப்பிலிருந்து பெறும் காடியில் அவ்வளி இல்லை என்பதை 1810-இல் ஆங்கில அறிஞர் தேவி நிறுவினார். பிழைபட்ட அப்பெயரை உலகம் இன்றும் சுமக்கின்றது. 'உயிர்வளி' என்னும் தமிழ்ச்சொல்லில் அப்பிழை இல்லை.

தமிழ் மண்ணுக்கு வேதியியலார் தேவை என்பதை மண்ணே உரைக்கின்றது. தூத்துக்குடியில் உப்பு விளைகின்றது. சிவகாசியில் தீப்பெட்டியும் வெடியும் செய்யப்பெறுகின்றன. அழகப்பர் ஈந்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நடுவம் 1953-இல் திறக்கப்பெற்றது. மறுபுறம், பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவும், நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவும் உழவர் நிலத்தைக் கெடுத்தன. சாயத் தொழிலகங்களை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிடும் அளவிற்கு நிலை முற்றியது. கிணற்று நீரில் என்ன கலந்துள்ளது என்பதை ஆய்ந்து, அதனை அவ்வுழவர்க்கு அவர் மொழியிலேயே எடுத்துரைக்கும் வேதியியலார் எத்துணைப் பேர்?

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. அரசு மேனிலைப் பள்ளிகளில் கணக்கோடு கூடிய அறிவியல் பிரிவு தமிழ்வழியில் நிலைபெறல் வேண்டும். ஆய்வகங்கள் பூட்டிக் கிடத்தல் ஆகாது. 1970-களில் தமிழில் வெளிவந்த கல்லூரிப் பாடநூல்கள் புத்தறிவு சேர்த்துப் புதுக்கப்பெறல் வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியதோ இவற்றினும் எளிது. அண்டை வீட்டாரின் சொல்லைக் கேளாது, தம் பிள்ளையின் விருப்பைக் கேட்டல் வேண்டும். வேதியியலே விருப்பமெனின், கணக்கை விடாது, பதினொன்றாம் வகுப்பை நழுவவிடாது, தமிழைக் கைவிடாது படிக்க வைத்தல் வேண்டும். இம்மூன்றும் உடைய மாணவன் எக்கல்லூரியிலும் தலைநிமிர்ந்து நிற்பான்.