பறவைகளைக் காத்தவர் யார்?

காட்டுப் பறவைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவரும் செய்திகளில் பெரும்பாலானவை துக்கச் செய்திகளாகவே இருக்கின்றன. ஏரி தூர்ந்தது, மரம் வெட்டுண்டது, இன்ன பறவை அருகிவிட்டது என்பனவே நாம் அடிக்கடி அச்சிடும் வார்த்தைகள். இவற்றைப் படித்துப் படித்து, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மனோபாவம் கற்றவர்களிடையே வளர்ந்து வருகிறது. அது சோம்பலுக்குச் சௌகரியமான மனோபாவம். ஆனால் உண்மைக்குப் பொருந்தாதது. சமீப காலத்தில் இத்தேசத்தின் சில மூலைகளில், கைவிடப்பட்டன என்று எண்ணிய பறவைகள் மீண்டிருக்கின்றன. அவற்றை மீட்டவர் யார், எவ்வாறு மீட்டனர் என்பதை நமது வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

நாகாலாந்தில் வோகா ஜில்லாவில் பாங்தி என்பது லோதா நாகர்கள் வாழும் ஒரு கிராமம். மின்சாரத்துக்காக டோயாங் நதியின் குறுக்கே அணை கட்டப்பட்டபோது, சுற்றுவட்டாரத்து விளைநிலங்கள் பல நீரில் மூழ்கின. ஏர் பிடித்தவர்கள் வலை பிடிக்கலானார்கள். அந்த நீர்த்தேக்கத்தின் கரைக்கு ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமூர் வல்லூறு என்னும் சிறு பறவைகள் லட்சக்கணக்கில் வந்து தங்குகின்றன. ஸைபீரியாவின் தென்கிழக்கிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லும் வழியில், ஈசலும் பூச்சியும் தின்று உடலைத் தேற்றிக்கொள்வதற்காக அவை அங்கே இறங்குகின்றன. ஒரு பறவையின் எடை ஏறக்குறைய 150 கிராம்தான். அங்கிருந்து புறப்பட்டால், இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலையும் தாண்டி, ஐந்தாறு நாட்கள் இடைவிடாமல் பறந்து ஆப்பிரிக்கக் கரையை அடைகின்றன.

2012-ம் வருஷத்தில் அந்தப் பறவைகளுக்கு நேர்ந்த கதி உலகத்தையே திடுக்கிடச் செய்தது. இரவில் அவை அடையும் இடங்களில் மீன் வலைகளை உயரக் கட்டி, நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 வரை பிடித்துக் கொன்றார்கள் என்று நேரில் சென்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களுள் ஒருவர் நாகாலாந்துப் பத்திரிகையாளரான பானோ ஹராலு அம்மையார். அவர்கள் வெளியிட்ட படங்களைப் பார்த்துக் கண்டனக் குரல் எழாத இடமில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ம் வருஷத்திலேயே இயற்றப்பட்டுவிட்டது. வலசைப் பறவைகளைக் காப்பதாக இந்தியா பிற தேசங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையும் பல வருஷங்களாக அமுலில் இருந்தது. சட்டப் புஸ்தகத்தில் குறைவொன்றுமில்லை. ஆயினும் வலைகள் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. புஸ்தகத்திலுள்ள சட்டத்துக்கும் டோயாங் கரையிலுள்ள மனிதனுக்கும் இடையே எவ்விதச் சம்பந்தமும் ஏற்படவில்லை. நாகாலாந்தில் நிலம் கிராமத்தாருக்கே உரியது. அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவு அந்த உரிமையை உறுதி செய்கிறது. அத்தகைய இடத்தில், கிராமத்தாரின் சம்மதமின்றிப் போலீஸ் படையைக் கொண்டு பறவையைக் காத்துவிடலாம் என்று நினைப்பது பேதைமை.

சம்மதம் கிடைத்தது. பானோ ஹராலு அம்மையார் போன்றவர்கள் வெளியிலிருந்து வைதுகொண்டிராமல் கிராமத்துக்குச் சென்று உட்கார்ந்து பேசினார்கள். தேவாலயப் போதகர்கள் பிரசங்கத்தில் எடுத்துரைத்தார்கள். சிறுவர் சிறுமியர் பறவையைப் பற்றிக் கற்றுத் தங்கள் வீடுகளில் சொன்னார்கள். கிராம சபையார் கூடி, இனி இந்தப் பறவையைப் பிடிப்பதில்லை என்று தாங்களே தீர்மானித்து, மீறுவோருக்கு அபராதமும் விதித்தார்கள். 2013-ம் வருஷத்தில் பறவைகள் வந்தன; பாங்தியில் வலை ஏறவில்லை. அவ்வருஷமே மூன்று பறவைகளின் முதுகில் விஞ்ஞானிகள் சிறு கருவிகளைப் பொருத்தி, அவற்றின் பிரயாணத்தை விண்கலத்தின் உதவியால் தொடர்ந்து அறிந்தார்கள். அவற்றுக்கு நாகா, பாங்தி, வோகா என்று பெயரிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன் உலகத்தார் வெறுப்புடன் உச்சரித்த கிராமத்தின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை கடல் கடந்து சென்றது. தண்டனை சாதிக்காததை மரியாதை சாதித்தது.

இரண்டாவது திருஷ்டாந்தம் அஸ்ஸாமிலிருந்து. அங்கே ஹர்கிலா என்று ஒரு பெரிய நாரை உண்டு. வழுக்கைத் தலையும் தொங்கும் தொண்டைப் பையும் உடையது, செத்ததைத் தின்பது. கூட்டின் கீழ் விழும் எச்சத்தாலும் அழுகிய மாமிசத்தாலும் முற்றம் நாறும். ஆதலால் அதை அபசகுனம் என்று கருதி விரட்டுவதும், அது கூடு கட்டும் மரத்தை வெட்டுவதும் வழக்கமாயிருந்தன. காம்ரூப் ஜில்லாவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த பூர்ணிமா தேவி பர்மன் அம்மையார், குஞ்சுகள் கூட்டிலிருக்கும்போதே ஒருவர் தம் மரத்தை வெட்டி வீழ்த்தியதைக் கண்டு மனம் நொந்தார். மரத்தின் சொந்தக்காரரை ஏசுவதால் பயனில்லை என்று உணர்ந்து, ஊர்ப் பெண்களைத் திரட்டினார். அப்பெண்கள் ஹர்கிலாவின் உருவத்தைச் சேலையில் நெய்து விற்று ஊதியம் பெற்றார்கள். குஞ்சு பொரிக்கும் காலத்தில், கர்ப்பிணிகளுக்குச் செய்யும் சடங்கைப் பறவைக்கும் செய்து கொண்டாடினார்கள். கூட்டு மரங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் அருகே 45,000 மரக்கன்றுகளை நட்டார்கள். தாதரா, பசாரியா, சிங்கிமாரி என்னும் கிராமங்களில் 28 கூடுகளாக இருந்தவை 250-க்கு மேல் பெருகின என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2022-ம் வருஷத்தில் அம்மையாருக்கு விருது அளித்தபோது தெரிவித்தது. அடுத்த வருஷமே, அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இப்பறவை இருந்த இடம் தளர்த்தப்பட்டது. இவ்வேலையில் 10,000-க்கு மேற்பட்ட பெண்கள் ஈடுபட்டிருக்கிறார்கள். பெண்களால் பொதுக்காரியம் ஆகுமா என்று இன்னும் கேட்பவர்கள் காம்ரூப்புக்குச் சென்று பார்த்துவரட்டும்.

இவற்றைப் படித்துத் தமிழன் வெட்கப்பட வேண்டியதில்லை. இந்தப் பாடத்தை நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வேடந்தாங்கல் ஏரியில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுவதை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, அந்த ஏழை விவசாயிகள் செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றார்கள். அதிகாரிகள் ஜனங்களுக்குக் கற்பித்ததன்று அது. ஜனங்கள் அதிகாரிகளுக்குக் கற்பித்தது. சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு அருகிலுள்ள ஊரார், பறவைகள் மிரளுமே என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளின் ஆசையையே அடக்கிக்கொண்டு அனுஷ்டிக்கப்படும் விரதம் இது.

ஆனால், எல்லாவற்றையும் கிராமத்தாரே செய்துகொள்வார்கள் என்று சர்க்கார் ஓய்ந்திருக்க இடமில்லை. பாறு கழுகுகளின் சரித்திரத்தைப் பாருங்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குன்றிவிட்டன. அவற்றை எவரும் சுடவுமில்லை, வலையிட்டுப் பிடிக்கவுமில்லை. மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஊராருக்குப் பறவையிடம் எத்தனை அன்பிருந்தாலும், அந்த மருந்தை நிறுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. 2006-ம் வருஷத்தில் மாட்டு வைத்தியத்தில் அதைச் சர்க்கார் தடுத்தது. மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்படவே, 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைத்தது. அதேவிதமான வேறு இரண்டு மருந்துகளை 2023-ல்தான் தடுத்தது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் இன்றும் கூடு கட்டி வருகின்றன. அவை பெருகுவதும் பெருகாததும் மருந்துக் கடைகளைக் கண்காணிப்பவர்களின் நேர்மையைப் பொறுத்திருக்கிறது.

ஆகவே கடமை இரு பக்கமும் இருக்கிறது. கிராமத்தார் தம் பங்கைச் செய்துவிட்டார்கள். சர்க்கார் தன் பங்கைச் செய்திருக்கிறதா? வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் என்பது சட்டம். 2020-ம் வருஷத்தில் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை சர்க்கார் பக்கத்திலிருந்தே கிளம்பிற்று! ஜனங்களிடையே பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் அதே வேடந்தாங்கல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் சேர்த்துப் பெருமை கொண்டாடினால் மட்டும் போதாது. பறவை கூடு கட்டுவது ஏரியில். இரை தேடுவது சுற்றிலுமுள்ள வயல்களிலும் குட்டைகளிலும். கூட்டை விட்டுவைத்துச் சோற்றைப் பறிப்பது பாதுகாப்பாகாது.

பாங்தி கிராமத்தாருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அணை அவர்களுடைய நிலத்தைக் கொண்டது. பறவையோ அவர்களுக்கு ஒரு வருமானமாக இருந்தது. உலகத்தின் நன்மைக்காக அந்த வருமானத்தையும் அவர்கள் விட்டார்கள். ஏழையிடம் ஒரு முறை தியாகத்தைக் கேட்கலாம். வருஷந்தோறும் கேட்டுக்கொண்டே இருந்து, புகழ்ச்சியைத் தவிர வேறொன்றும் கொடாமலிருப்பது நியாயமன்று. மரத்தைக் காப்பவருக்கும், வலையை மடித்தவருக்கும், வெடியை விட்டவருக்கும் உரிய பிரதிபலனைக் கிராம சபைகளின் மூலமாக ஒழுங்காகக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அது தர்மமன்று, கூலி.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் நமது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஜில்லாவில் பறவை கூடும் ஏரி எது, அதன் எல்லை சர்வேப் படத்தில் எங்கே இருக்கிறது, அங்கே ஆக்கிரமிப்பு எவ்வளவு, அதைக் காத்து வரும் ஊரார் யார் என்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அவ்வூராரிடம் செல்லுங்கள்; உபதேசிக்க அல்ல, கேட்டுக்கொள்ள. நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்பதைப் பாங்தியும் காம்ரூப்பும் வேடந்தாங்கலும் நிரூபித்துவிட்டன. அந்த நம்பிக்கையை நிலைநிறுத்தும் பொறுப்பு இனி நம்முடையது.