பழைய பிரிட்ஜும் இரண்டு சாவியும்

எங்கள் கிளையில் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னிடம், இன்னொன்று தலைமைக் காசாளரிடம். தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான். ஆனாலும் அவர் சாவியை நான் கேட்கமாட்டேன், என் சாவியை அவர் கேட்கமாட்டார். இதில் யாருக்கும் கோபம் கிடையாது. நடைமுறை, அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட ஆபீசர் வீட்டில் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

நாக்பூரில் இருந்து மாற்றல் வந்தது. கையில் பத்தே நாள். பிரிட்ஜை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். "இப்பவே வந்து பார்க்கிறோம்" என்று ஒருவர் போன் செய்ததும், முகவரியைச் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டேன். வீட்டில் தங்கமணி மட்டும். வந்தது இரண்டு பேர். பிரிட்ஜைப் பார்த்தது இரண்டு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் பீரோ, பால்கனிக் கதவு, ஏசி. எப்போது காலி செய்கிறீர்கள்? சார் எத்தனை மணிக்கு வருவார்? எதிர் வீட்டில் ஆள் உண்டா? காய்கறிக் கடை ஹிந்தியில் தங்கமணி எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் திரும்பி வரவில்லை. ஒன்றும் நடக்கவுமில்லை. ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை எங்களுக்கு ராத்திரித் தூக்கம் இல்லை.

அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் விஷயமே. சொந்த ஊரில் என்றால் "யார் வீட்டுப் பையன்?" என்று தெருமுனைக் கடையில் கேட்டால் போதும். வெளியூரில் நமக்கு அந்தக் கடை இல்லை. அந்த இடத்தில் நடைமுறையைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது. விளம்பரத்தில் வீட்டு எண் கிடையாது. பகலில் மட்டும், வீட்டில் இரண்டு பேர் இருக்கும்போது மட்டும். தூக்கக்கூடிய பொருள் என்றால் வாசல் காவலர் அறைக்குப் பக்கத்தில்தான் வியாபாரம். தூக்க முடியாதது என்றால் முதல்நாளே கதவோரம் நகர்த்திவிடுவோம், மற்ற அறைகள் சாத்தியிருக்கும். பழைய போன் வாங்கினால் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகே பணம். பைக் விற்றால் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து ஆகாமல் வண்டியைக் கொடுப்பதில்லை.

பணம் வந்துவிட்டதா என்பதற்குக் குறுஞ்செய்தியோ, அவர் காட்டும் படமோ சாட்சி இல்லை. நம் கணக்கு இருப்பைத்தான் பார்க்க வேண்டும். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போடச் சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனைக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

"வந்தவரைச் சந்தேகப்பட்டால் தப்பா நினைக்கமாட்டாரா?" என்று தங்கமணி கேட்பதுண்டு. போன மாதம் பெண்ணுக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கப் போனேன். விற்ற அம்மாள் என்னை மாடிக்கு விடவில்லை. கேட்டிலேயே நிற்கவைத்து, பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஒரு நொடி எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அந்த இரண்டாவது சாவி ஞாபகம் வந்தது. பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன் :-)