காற்றைக் கேளாமல் தீர்ப்பு எழுதலாமா?

வானிலே புதியதொரு கோள் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தித்தாளில் வந்துவிட்டால் போதும்; "இரண்டாவது பூமி கிடைத்துவிட்டது" என்ற தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. என்ன ஆதாரம் என்று பார்த்தால், அக்கோள் தன் விண்மீனிலிருந்து அதிகம் சுடாத, அதிகம் குளிராத தூரத்தில் இருக்கிறது என்பது ஒன்றே. தூரம் சரியாக இருந்தால் வாழலாம் என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. ஓர் உலகம் வாழத் தகுந்ததா என்பதை அங்கு வீசும் காற்றும் சேர்ந்தே முடிவு செய்கிறது. காற்றை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவது முறையன்று என்பதே நமது கருத்து.

இதற்குச் சான்று தேடி விண்வெளிக்குச் செல்ல வேண்டியதில்லை. நமது மதுரை மாநகரே போதும். மதுரையும் கொச்சியும் ஏறத்தாழ ஒரே அட்சக்கோட்டில், வடக்கே 10 பாகையை ஒட்டி அமைந்தவை. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்தான். ஒரே கதிரவன், ஒரே தூரம். ஆயினும் கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் மழை. மதுரையிலோ 85 சென்டிமீட்டர் அளவே. காரணம் என்ன? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீரில் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலை இறங்கி நம்மிடம் வரும்போது அது வறண்ட காற்று. ஆடி மாதத்தில் அம்மியையும் பறக்க வைக்கும் என்பார்கள், புழுதியைக் கிளப்பும், ஆனால் நம் கண்மாய்களை நிரப்பாது. அவை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கின்றன. மலைக்கு அப்பால் பெய்யும் நீரைச் சுரங்கம் வழியாக நம் பக்கம் திருப்பவே 1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. கதிரவன் கொடுப்பதைப் பங்கிடுவது காற்றுதான் என்பது இதனால் விளங்கும்.

ஒரே உலகத்தின் இரண்டு ஊர்களுக்கே இவ்வளவு வேறுபாடு என்றால், அந்நிய உலகங்களின் நிலை என்ன? இன்று 'இரண்டாவது பூமி' என்று பேசப்படும் கோள்களில் பல, சிறிய செந்நிற விண்மீன்களை மிக நெருங்கிச் சுற்றுபவை. 2016-இல் அறிவிக்கப்பட்ட 'பிராக்சிமா பி' நம்மிடமிருந்து 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அங்கே ஓர் ஆண்டு என்பது 11 நாட்களே! இவ்வளவு நெருங்கிய கோளை விண்மீனின் ஈர்ப்பு பிடித்து நிறுத்திவிடக்கூடும். நிலவு எப்போதும் ஒரு முகத்தையே நமக்குக் காட்டுவது போல, அக்கோளும் விண்மீனுக்கு ஒரு முகத்தையே காட்டி நிற்கும். ஒரு புறம் முடிவில்லாத பகல்; மறுபுறம் விடியாத இரவு.

அப்படியானால் ஒரு பாதி எரிந்து, மறு பாதி உறைந்து போகாதோ? காற்று இல்லையெனில் அதுவே நடக்கும். காற்று மிக மெல்லியதாக இருந்தாலும் ஆபத்துதான். இரவுப் புறத்தின் கடுங்குளிரில் அந்தக் காற்றே உறைந்து தரையில் படிந்துவிடலாம். ஆனால் போதிய காற்று இருந்தால் கதை மாறுகிறது. நடுவில் மட்டும் தீ எரியும் அடுப்பில் ஏற்றிய பெரிய அண்டாவை நினைத்துப் பாருங்கள். நடுவிலுள்ள நீர் சூடேறி மேலெழும்; மேற்பரப்பில் ஓரத்திற்குச் செல்லும்; அங்கே ஆறி இறங்கி, அடிவழியே மீண்டும் நடுவுக்கு வரும். அவ்வாறே பகற்புறத்தின் உச்சிவெயில் இடத்தில் காற்று மேலெழுந்து, உயரத்தில் இரவுப்புறம் சென்று, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, தரையை ஒட்டித் திரும்பி வரும். கோள் சற்று விரைவாகச் சுழன்றால் நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கிய பெருங்காற்றும் பிறக்கும். நம் பூமியின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கரியமிலவாயு இருந்தாலே இரவுப்புறக் காற்று உறையாமல் காக்கலாம் என்று 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நீர் நிறைந்த உலகானால் உச்சிவெயில் இடத்தில் அடர்ந்த மேகம் திரண்டு, குடைபோல வெயிலைத் தடுக்கும் என்று 2013-இல் மற்றோர் ஆய்வு கூறியது.

இவை கணக்குகள். கண்டது என்ன? 2019-இல் 'எல்.எச்.எஸ். 3844 பி' என்ற பாறைக்கோளை ஆராய்ந்தபோது, பகற்புறம் ஏறத்தாழ 770 பாகை சென்டிகிரேடு கொதித்தது. இரவுப்புறத்திற்கு வெப்பம் சென்றதற்கு அடையாளமே இல்லை. 40 ஒளியாண்டுத் தொலைவில் 'டிராப்பிஸ்ட் 1' என்ற விண்மீனை ஏழு பாறைக்கோள்கள் சுற்றுகின்றன என்று 2017-இல் அறிவித்தபோது உலகமே மகிழ்ந்தது. அவற்றில் முதல் கோளின் பகற்புறம் ஏறத்தாழ 230 பாகை என்று 2023-இல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி அளந்தது. வெப்பத்தைப் பகிரும் அடர்ந்த காற்றின் அறிகுறி அங்கு காணப்படவில்லை. மிதமான தூரத்திலுள்ள நான்காவது கோளைப் பற்றி 2025-இல் வெளிவந்த முதல் அளவீடுகளும் முடிவான விடை தரவில்லை. செந்நிற விண்மீன்களின் சீற்றம் கோளின் காற்றையே அடித்துச் சென்றுவிடவும் கூடும். ஆகவே பொறுமை வேண்டும்.

அவசரம் ஏமாற்றிய கதை நம் தமிழகத்திலேயே உண்டு. 1855-இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், '70 ஓபியூக்கி' என்ற இரட்டை விண்மீனில் ஒரு கோள் இருப்பது பெரிதும் நேரக்கூடியது என்று எழுதினார். பின்னர் அது தவறென்று தெரிந்தது. மாறாக, கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஒளிக்கோடுகளின் நகர்வைக் கொண்டே கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எட்டாத உலகின் காற்றையும் ஒளியின் வழியாக விசாரிக்கலாம் என்று நம் பழனிமலை காட்டியதே!

"மதுரைப் பெண்ணுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு? சோறு போடுமா?" என்று பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அங்கு வீசும் காற்றுக்கும் இங்கு பெய்யும் பருவமழைக்கும் இயற்பியல் ஒன்றுதான்; பூமிக்கென எழுதிய கணக்குகளைக் கொண்டே அவ்வுலகங்களையும் ஆராய்கின்றனர். கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த மலைமேல், பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, இந்திய வானிலைத் துறையில் கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். காற்றையும் வெயிலையும் அளந்து நாட்டிற்குப் பயன்படச் செய்தவர் அவர். நம் பெண்ணும் ஏன் அளக்கக் கூடாது?

எனவே தோழியரே, ஒரு வேண்டுகோள். பள்ளிதோறும் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, ஒரு காற்றுத் திசைகாட்டி வைக்கப்படட்டும். வகுப்புக்கு ஒருவர் முறைவைத்து நாள்தோறும் குறித்து வரட்டும். செலவு சிறிது, பயனோ பெரிது. பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், நம் ஊரின் காற்று எவ்வாறு மாறுகிறது என்று பிறர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. தூரத்து உலகங்களில் காற்று உண்டா என்று அறிஞர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கோ கேளாமலே கிடைத்திருக்கிறது. அதனை அறிந்து காப்பது நம் கடமையன்றோ!