சிவப்பு ஜன்னல்

பழைய சாமான் வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வீட்டில் சொல்லிவிட்டு வாங்குகிறவர்கள் ஒரு ரகம். வாங்கிவிட்டுச் சொல்லுகிறவர்கள் மற்றொரு ரகம். நான் இரண்டாவது ரகம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வாங்கப் போனது மேஜை விசிறி. வாங்கி வந்தது காமிரா! அக்பா கிளிக் 3. பரோடாவில் தயாரான சரக்கு. ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பங்களின் கல்யாணம், காதுகுத்து, மகாபலிபுரம் பிக்னிக் எல்லாவற்றுக்கும் கூடவே வந்த அதே கறுப்புப் பெட்டி. பாட்டரி கிடையாது. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. அவ்வளவுதான் அதன் சாஸ்திரம்.

கடைக்காரப் பெரியவர் 800 ரூபாய் சொன்னார். பேரம் 600-இல் படிந்தது. உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? பின்மூடியைச் சட்டென்று கழற்றினேன்.

"ஐயையோ, உள்ளே பிலிம் இருக்கே சார்!" என்று பெரியவர் பதறினார்.

உடனே மூடினேன். ஆனால் வெளிச்சம் என் கையைவிட வேகமாயிற்றே!

இந்த மாதிரிக் காமிராவின் முதுகில் சின்னஞ்சிறு சிவப்பு ஜன்னல் ஒன்று உண்டு. பிலிமோடு சுற்றி வரும் காகிதத்தில் அச்சிட்ட எண் அதன் வழியே தெரியும். மூடிய பிறகுதான் அதைப் பார்த்தேன். 9 என்று இருந்தது. ஒரு சுருளுக்குப் படம் 12. மீதி மூன்றையும் அடுத்த விசேஷத்துக்கு என்று யாரோ வைத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் மறந்தே போயிருக்கிறார்கள்.

வீட்டில் காமிரா வாங்கியதற்குத் திட்டு விழவில்லை. "யார் வீட்டு ஞாபகமோ, இப்படிப் பாழ் பண்ணிவிட்டீர்களே!" என்று இதற்குத்தான் விழுந்தது.

ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொண்டு போனேன். ஷட்டர் 'கிளிக்' என்று சொல்லாமல் முனகியது. "தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?" என்று கேட்டேன். "பாதிக் காமிராக்கள் அதனால்தான் செத்துப் போயின" என்றார். எண்ணெய் தூசியை இழுத்து, ஷட்டர் தகட்டை ஒட்ட வைத்துவிடுமாம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அவர் இரண்டு முறை துடைத்ததும் அதற்கு உயிர் வந்துவிட்டது. லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் அது பூஞ்சை; அந்தக் காமிராவை வாங்க வேண்டாம். தோல் உறைக்குள்ளேயே பூட்டி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை நிச்சயம்.

பிலிமை அவரே இருட்டறையில் எடுத்துக் கழுவினார். சுருளில் முதலில் எடுத்த படங்கள் உள்ளே இருக்கும். பிறகு எடுத்தவை வெளிச்சுற்றில் இருக்கும். வெளிச்சுற்று முழுவதும் கறுத்துப் போயிருந்தது. உள்ளே மூன்று படங்கள் மட்டும் மங்கலாகப் பிழைத்திருந்தன. மூன்றிலும் ஒரே பெண். கை நிறைய வளையல், கழுத்தில் மாலை, வளைகாப்பு.

அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாம் என்னால் அழிந்தன. அவற்றில் குழந்தை இருந்ததோ என்னவோ!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், பழைய சாமான்காரரிடம் போடுமுன் அந்த ஜன்னலைப் பாருங்கள். எண் தெரிந்தால் திறக்காதீர்கள். இருட்டறை உள்ளவரிடம் அப்படியே கொடுங்கள்.

என் காமிராவுக்குப் புதுச் சுருள் வாங்கிவிட்டேன். 1901-இல் கோடக் கம்பெனி கொண்டு வந்த 120 ரகம் இன்றும் கடையில் கிடைக்கிறது. போட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி உத்தரவு போட்டுவிட்டாள்:

"பன்னிரண்டையும் எடுத்துக் கழுவிவிட்டுத்தான் இதைப் பரணில் வைக்க வேண்டும்."