காணி உறுதி இல்லாத சனத்துக்கு எது திருப்புமுனை?

மே முதலாம் திகதி நாம் செங்கொடியோடு ஊர்வலம் போகிறோம். அதே மாதம் 18ஆம் திகதி வன்னியில் முள்ளிவாய்க்கால் மண்ணில் விளக்கேற்றுகிறார்கள். இடையில் பதினேழு நாள்தான். ஆனாலும் இந்த இரண்டு நாள்களையும் சேர்த்துப் பேச நமது பத்திரிகை இதுவரை முன்வரவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

மே வந்தால் யுத்த வரலாறு எழுதுகிறவர்கள் திருப்புமுனைகளை அடுக்குவார்கள். 1983 ஜூலை. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம். 1990 மார்ச்சில் இந்தியப் படை கப்பலேறியது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. 2002 யுத்த நிறுத்தம். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி. பிறகு அந்த மே. பட்டியலில் பிழையில்லை. ஆனால் அது தளபதிகளும் தலைவர்களும் தூதுவர்களும் நின்ற இடத்திலிருந்து எழுதிய பட்டியல். வன்னி வயல்களில் நாட்கூலிக்கு நின்ற நம் சனத்துக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

வன்னியில் நம் சனமா என்று கேட்கும் இளம் தோழர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1958 கலவரத்திலும், 1973, 74 பஞ்சத்திலும், 1977, 1981, 1983 வன்செயல்களிலும் லயத்தை விட்டு மூட்டையோடு இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று போய்ப் பாருங்கள். வவுனியாவில் சிதம்பரபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். நாம் படிப்பிக்கும் வகுப்பில் வன்னியில் சொந்தக்காரர் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றோம். பாதி வகுப்பு கையைத் தூக்கியது. வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளின் மாமனும் பெரியம்மாவும் இல்லை.

பட்டியல்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு திருப்புமுனையை எடுத்துக்கொள்வோம். 1984 நவம்பர் 30இல் மணலாற்றுப் பக்கமுள்ள கென்ட் பண்ணை, டொலர் பண்ணை இரண்டையும் புலிகள் தாக்கினார்கள். அங்கே குடியேற்றப்பட்டிருந்த சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்களது குடும்பத்தாருமாக 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சிங்களப் பொதுமக்கள் மீதான புலிகளின் முதலாவது பெரும் தாக்குதல் என்று இதை எழுதுகிறார்கள். அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்த மாட்டோம். கைதியும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தக் கைதிகள் வருவதற்கு முன் அந்தப் பண்ணைகளில் இருந்தது யார்?

இருந்தது நம் சனம். 1977இல் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்களை வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அங்கே குடியமர்த்தியது. காடு வெட்டி, கிணறு தோண்டி, பயிர் வைத்தார்கள். 1983 ஏப்ரலில் அந்த இருவரையும் அரசு கைது செய்தது. ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் பண்ணைகளிலிருந்த குடும்பங்களைப் படையினர் விரட்டினர். காலியான இடம் திறந்தவெளிச் சிறைச்சாலையானது. கைதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, வரலாற்றாசிரியர் கதையைத் தொடங்கும் இடத்தில் நம் கதை முடிந்துவிட்டது. கையில் ஒரு காணித் துண்டின் உறுதி இருந்திருந்தால், குறைந்தபட்சம் நீதிமன்றத்திலாவது ஒரு வழக்கு இருந்திருக்கும்.

அடுத்தது 1987. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். வடக்கு, கிழக்கு இணைப்பு, மாகாண சபை, ஆயுத ஒப்படைப்பு என்று அதில் பல விடயங்கள். தோழர்கள் அதன் 2.16ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் திரும்பும் அதே வேளையில், இலங்கையிலுள்ள இந்தியப் பிரஜைகளை இந்தியா விரைந்து அழைத்துக்கொள்ளும் என்கிறது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து, 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றதால் இங்கேயே தங்கிவிட்ட நம்மவர்களைத்தான் அது குறிக்கிறது. நாட்டின் இனப்பிரச்சினையைத் தீர்க்க வந்த ஒப்பந்தம் நம்மை நேரே தொட்ட இடம் அதுதான்: ஏற்றி அனுப்பு!

இந்தியப் படை வந்தது. அந்த ஒக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. 1988இல் முல்லைத்தீவுக் காடுகளில் பெரும் படை நடவடிக்கை நடந்தது. இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,200 பேர் இந்த மண்ணில் செத்தார்கள். அவர்களும் யாரோ ஒரு கமக்காரன் வீட்டுப் பிள்ளைகள். நம் சனமோ சிங்கள அரசுக்கு இந்தியர், அயலவர் சிலருக்குத் தோட்டக்காட்டார், இந்திய இராணுவத்துக்கு இலங்கைத் தமிழர். ஷெல் விழுந்தபோது மட்டும் யாரும் வம்சாவளி கேட்கவில்லை.

2009ஐ நாம் விரித்து எழுதத் தேவையில்லை. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் நம் சனமும் உண்டு. இயக்கம் பிடித்துச் சென்ற பிள்ளைகளிலும், இராணுவத்திடம் கையளித்துத் திரும்பாத பிள்ளைகளிலும் நம் பிள்ளைகள் உண்டு. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு வலயத்துக்கு அருணாசலம் என்று பெயர் வைத்தார்கள். சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் அடைத்த சட்டத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே, முட்கம்பிக்குள், வெளியே போக அனுமதி இல்லாமல் தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இதைவிடக் கொடிய கேலி உண்டா?

யுத்தம் முடிந்தது. வீட்டுத்திட்டம் வந்தது. இந்தியா 50,000 வீடு தருகிறது என்றார்கள். காணிப் பத்திரத்தைக் கொண்டு வா என்றார்கள். நாற்பது வருடம் அடுத்தவன் காணியில் குடிசை போட்டு, அவன் தென்னைக்குத் தண்ணீர் இறைத்தவன் எந்தப் பத்திரத்தைக் கொண்டு போவான்? 2017இல் கிளிநொச்சி பன்னங்கண்டி மக்கள் தாங்கள் குடியிருக்கும் காணிக்கு உரிமை கேட்டு வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக மலையகத்தில் எத்தனை கூட்டம் போட்டோம்? வெட்கத்தோடு கேட்கிறோம்.

இதைப் பேசினால் தமிழரைப் பிரிக்கிறீர்கள் என்பார்கள் சிலர். பிரிவை நாம் உண்டாக்கவில்லை. காணிக்காரன், காணியற்றவன் என்று அது ஏற்கெனவே இருக்கிறது. காணியற்றவனிடம் பிள்ளையைக் கேட்டபோது ஒரே இனம் என்றவர்கள், அவன் காணி கேட்கும்போது நீ எந்த ஊர் என்று கேட்கக் கூடாது.

நமக்குள்ளேயும் ஒரு குரல் இருக்கிறது. அவர்கள் சந்தா கட்டுகிறவர்கள் இல்லை, நமது வேலை சம்பளப் பேச்சுவார்த்தை என்கிறது அது. தோழர்களே, அவர்கள் தோட்டத்தை விட்டு ஏன் போனார்கள்? இங்கே லயத்தில் ஓர் அடி மண்கூடச் சொந்தமில்லாததால், அடி விழுந்த இரவில் நின்று பிடிக்க ஓர் இடம் இல்லாமல் போனார்கள். இன்றும் நாம் ஏழு பேர்ச் காணிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அங்கேயும் இங்கேயும் கோரிக்கை ஒன்றுதான்.

நம் பட்டியலில் ஒரு திருப்புமுனை உண்டு. கடவுச்சீட்டோடு தங்கிப்போனவர்கள் உட்பட நாடற்ற நம்மவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். யுத்த வரலாறுகளில் அதைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. 1948இல் பறித்ததைத் திரும்பப் பெற 55 வருடம் பிடித்தது. காணிக்கும் அப்படி இன்னொரு 55 வருடம் காத்திருக்க முடியாது.

ஆகவே கிளைக் கூட்டங்களில் இந்தத் தீர்மானங்களை எடுக்கும்படி கேட்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கிளையும் வன்னியிலுள்ள தம் உறவினர் யார், எந்தக் காணியில், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். வன்னியின் வயல், தோட்ட, கல்லுடைக்கும் நாட்கூலிகளைச் சங்கத்தில் அங்கத்தவராகச் சேர்க்க வேண்டும். நீண்டகாலம் குடியிருப்போருக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் காணி உறுதி என்ற கோரிக்கையை, நமது காணிக் கோரிக்கையோடு ஒரே மனுவாகப் பிரதேச செயலகங்களின் மேசையில் வைக்க வேண்டும்.

கொப்பி இந்த மாதமே தொடங்கட்டும். முதல் பக்கத்தை, வகுப்பில் கை தூக்கிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் நாமே எழுதத் தொடங்கிவிட்டோம்.